கட்டில் முனை

"அவர் விளையாடப் போகக் கூடாது. நான் விடமாட்டேன்."

கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள் அவள். எதிரே அவளுடைய அண்ணன், ரக்பி அணியின் கேப்டன். பக்கத்தில், அணியில் எல்லோரும் 'லாரி' என்று கூப்பிடுகிற பெரிய உடம்புக்காரன். வந்தவர்களை அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. சொன்னாலும் உட்கார இடமில்லை. சோபாவைச் சுவரோரமாகத் தள்ளி, குஷன்களை எடுத்து வைத்திருந்தாள்.

"என்ன, வீட்டைக் காலி பண்றீங்களா?" என்றான் அண்ணன்.

"பெருக்கறேன். அதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

அவள் கணவன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ரத்தப் புற்றுநோயில் விழுந்து, ஆஸ்பத்திரியே வீடாகக் கிடந்து எழுந்தவன். மருந்து ஏற்றுவதற்காகத் தோள் எலும்புக்குக் கீழே வைத்திருந்த குழாயையும் போன மாதம் எடுத்துவிட்டார்கள்.

"டாக்டரே விளையாடலாம்னு சொல்லிட்டாரு. உனக்கு என்ன வந்துச்சு?" என்றான் அண்ணன்.

"டாக்டரா பக்கத்துல உட்கார்ந்து கண்ணு முழிச்சாரு? நான்தானே முழிச்சேன்."

"மாப்பிள்ளை, நீங்களாவது வாயைத் திறங்க."

நடை நின்றது. "எனக்கென்ன மச்சான், நான் இப்பவே ரெடி. இவதான்..."

"கேட்டியா?" என்று தங்கையிடம் திரும்பினான் அண்ணன். "இன்னைக்குச் சாயங்காலம் கோச்கிட்ட பதில் சொல்லணும். ஓடி வர்றவனை ரெண்டு கையாலயும் கட்டிச் சாய்க்க உன் புருஷனை விட்டா எங்ககிட்ட ஆள் கிடையாது. தெரியுமா உனக்கு?"

"கட்டிச் சாய்க்கறதுக்கு வேற யாராவது வேலையத்தவனைப் பாரு."

லாரியால் பொறுக்க முடியவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பந்தைத் தூக்கினான்.

"அண்ணே, பிடிங்க!"

பந்து அவள் கணவனை நோக்கிப் பறந்தது. இடது கைதான் நீண்டது. வலது கை ஓடிப்போய்த் தோள் எலும்புக்குக் கீழே பொத்திக்கொண்டது. பந்து விரலில் பட்டு நழுவி, தரையில் கோணலாக எகிறி, டிவி மேஜைக்கு அடியில் போயிற்று.

யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அவள் பாய்ந்து பந்தை எடுத்தாள்.

"வீட்டுக்குள்ள என்ன விளையாட்டு? டிவி உடைஞ்சா நீயா வாங்கித் தருவே?"

பந்தை லாரியின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். கணவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

"பாவம், அண்ணன். பந்தைத் தொட்டாக்கூட அண்ணிக்குப் பொறுக்கலை" என்று லாரி முணுமுணுத்தான்.

அவள் குனிந்து மேஜையை நேராக்கினாள். நிமிரும்போது "ஸ்..." என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இடுப்புல என்ன?"

"கட்டில் முனை இடிச்சிடுச்சு."

"பரவாயில்லையே! கட்டிலுக்காவது உன்னை எதிர்க்கத் தைரியம் இருக்கே."

லாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, கோச்கிட்ட போய்ச் சொல்லு. கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்னு."

"ஓ, மகாராணி உத்தரவா? கோச் எதுக்குக் காத்திருக்கணும்?"

"என் மேல பழியைப் போடு. பொண்டாட்டி விடமாட்டேங்கறா, ராட்சசின்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா காத்திருப்பாரு" என்றான் லாரி. "அவர் வீட்டுலயும் ஒருத்தங்க இருக்காங்கல்ல!"

அண்ணன் செருப்பை மாட்டினான். படியில் இறங்கியவன், அடங்காமல் திரும்பி வந்தான்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மாப்பிள்ளை நோய்கிட்டேருந்து தப்பிச்சிட்டாரு. உன்கிட்டேருந்துதான் இன்னும் தப்பிக்கலை. அம்மாவும் இதையேதான் சொல்லி அழறாங்க. அவரை விடற வரைக்கும் நான் இந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன்."

அவள் முகம் ஒரு கணம் கோணிற்று. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. வாங்க."

அவன் வந்து கதவருகில் நின்றான். கை இன்னும் தோளுக்குக் கீழேயே இருந்தது.

"மச்சான்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நான்தான் பயந்து சாகறேன், என்னைக் காப்பாத்தத்தான் நீ வாங்கிக் கட்டிக்கறேன்னு. இனிமே வரமாட்டேன்னுட்டுப் போறாரே."

"வருவான். பயம்னு தெரிஞ்சா இன்னைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. பொண்டாட்டி பிடிவாதம்னாதான் காத்திருப்பாங்க."

பேசிக்கொண்டே பழைய போர்வையை எடுத்தாள். சோபா குஷன்களை வயிற்றிலும் இடுப்பிலும் வைத்து இறுக்கிக் கட்டினாள். காலி செய்து வைத்திருந்த கூடத்தின் அந்தக் கோடியில் போய், காலை அகட்டி நின்றாள்.

"ம், ஓடி வாங்க. இன்னைக்காவது ரெண்டு கையாலயும் பிடிங்க. நேத்து மாதிரி ஒரு கை நெஞ்சுக்குப் போய், தலையால முட்டினீங்கன்னா, பாவம் அந்தக் கட்டில் மேல நான் இன்னும் எத்தனை தடவைதான் பழி போடறது?"