காந்தப் பையின் கொள்கை

பைக்கின் பெட்ரோல் டேங்க்மேல் ஒட்டி உட்கார்ந்திருந்த காந்தப் பைக்கு, பின்சீட்டில் கயிற்றால் கட்டிக் கிடந்த சாக்குப் பையைக் கண்டாலே இளக்காரம். "அடிமைப் பயலே, என்னை யாராவது கட்டினார்களா? நான் கொள்கையால் நிற்கிறவன்" என்னும்.

ஒருநாள் முதலாளி வண்டியை மாற்றினார். புது டேங்கின் மேல் முழுக்கப் பிளாஸ்டிக் உறை. பழக்கத்தில் காந்தப் பையை அதன்மேலேயே வைத்தார். முதல் திருப்பத்திலேயே அது சறுக்கி ரோட்டில் விழுந்தது.

"துரோகி டேங்க்" என்று முனகியது.

"ஒட்டாத பை எதற்கு?" என்று முதலாளி குப்பைத்தொட்டியைத் தேடினார்.

"இங்கே வாங்கண்ணே, கயிறு நீளம்தான்" என்றது சாக்குப் பை.

முதலாளிக்கும் அதுவே தோன்றியது. இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். வண்டி கிளம்பியதும் காந்தப் பை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி, இதைக் கட்டு என்று நினைத்துவிடாதே. கூட்டணி."