கணக்கு ஒத்துப்போகவில்லை

“சீக்கிரம் சொல்லு ரெவி, கப்பல்ல கத்தறாங்க,” என்றாள் நைரி.

அந்தத் தென்கோடித் தீவில் கடற்சிங்கக் குட்டிகளை இருவரும் ஆளுக்கொரு எண்ணும் கருவியோடு, குட்டிக்கு ஒரு அமுக்கு என்று, தனித்தனியாக எண்ணுவார்கள். கணக்கு ஒத்துப்போகாவிட்டால், சேர்ந்து கரை முழுக்க நடந்து மறுபடி எண்ண வேண்டும். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை. தப்பு எப்போதும் ரெவியுடையதுதான். அவள் திட்டிக்கொண்டே நடப்பாள். அவன் பாடிக்கொண்டே வருவான். நடுவே பாறை மறைவில், ஒரே பிளாஸ்க்கில் டீ.

அடுத்த வருடம் முதல் ட்ரோன் எண்ணப்போகிறது.

“முந்நூத்தி இருபத்தெட்டு,” என்றான் ரெவி.

அவள் கையிலிருந்த கருவியும் அதையேதான் காட்டியது. கருவியைக் கோட்டுப் பைக்குள் நுழைத்து, பொத்தானை அவசரமாக அழுத்திக்கொண்டே போனாள். பிறகு வெளியே எடுத்துக் காட்டினாள்.

“எனக்கு முந்நூத்தி நாப்பது. இன்னிக்கும் சொதப்பிட்டே. வா, நடக்கலாம்.”

“கப்பல்?”

“நிக்கட்டும்.”

ரெவி விழுந்து விழுந்து சிரித்தான்.

“நீ பைக்குள்ள அமுக்கினது எனக்கு டிக் டிக்னு கேட்டுச்சு, நைரி. நான் வருஷா வருஷம் அமுக்கினேனே, உனக்கு ஒருதடவைகூடக் கேக்கலையா?”