ஹெட் கேஸ்கெட்

அவர் பையிலிருந்து கேஸ்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மெக்கானிக் அத்தியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். லாரியின் கேபின் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இன்ஜினின் ஹெட்டைக் கழற்றிக் கட்டைகள்மேல் வைத்திருந்தான். இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் போட வேண்டிய கேஸ்கெட் ஏற்கனவே பட்டறையில் இருந்தது. கம்பெனிச் சரக்கு. அவரே சேலம் வரைக்கும் போய்த் தேடி வாங்கியது.

“அத எடுத்துக் குடுத்துரு. இதப் போடு.”

அத்தியப்பன் புதியதன் உறையைப் பிரித்தான். விளிம்பை நகத்தால் கீறினான்.

தூள் உதிர்ந்தது.

“ஏனுங்ணா, லோக்கல்லயே நல்லது வருதுங். நானே எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கறேன். இது அதுவும் இல்லீங்.”

அவருக்குத் தெரியும். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று கடைக்காரரே தள்ளி வைத்ததைத்தான் இவர் கேட்டு வாங்கினார்.

“தாங்குமா?”

“வெறும் வண்டின்னா ஓடுமுங். லோடு ஏத்தி மேடு ஏறுனா பிச்சுக்கும். தண்ணி உள்ள எறங்கி, சூடேறி, நின்ன எடத்துல நின்னுரும்.”

“போடு.”

“உங்க வண்டிங்ணா.”



நேற்று மாலை வரைக்கும் அவர் வண்டிதான்.

மாமா வீட்டில் பாகம் பிரித்தார்கள். தென்னந்தோப்பு அவருக்கு. லாரி தம்பிக்கு. தோப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் தம்பி வாய்விட்டுக் கேட்டான்.

“லாரிய எனக்குக் குடுத்துருங்க மாமா.”

கியர் பிடித்துப் பிடித்து அவருடைய இடது உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையை மடியில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற அவர் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை.

அத்தியப்பன் ஹெட்டைத் தூக்கி உட்கார வைத்தான். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

அவர் டீ குடித்தார்.

தம்பி செங்கோட்டுவேல் மத்தியானம் வந்தான். மாலையும் எலுமிச்சம்பழமும் கொண்டு வந்திருந்தான். வண்டியிடம் போகவில்லை. நேராக வந்து அண்ணன் காலைத் தொட்டான்.

“சாமானெல்லாம் ஒரிஜினல்தானுங்ணா?”

“உனக்குப் போய் டூப்ளிகேட் போடுவனாடா?”

அத்தியப்பன் அந்தப் பக்கம் திரும்பி மண்ணெண்ணெயில் கை கழுவத் தொடங்கினான்.

தம்பி எழுந்து நின்றான். எதையோ சொல்ல வந்து தயங்கினான்.

“அண்ணா, நேத்து நடந்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க. அண்ணிதான் அழுதாங்க. முதுகு வலில சுருண்டு சுருண்டு படுக்கறீங்களாமா. ‘நான் சொன்னா வண்டிய விட்டு எறங்க மாட்டாரு, நீ கேட்டு வாங்கிக்க’ன்னாங்க. எனக்கு எதுக்குங்ணா லாரி? நான் தோப்புலதான் ஆச வெச்சிருந்தேன்.”

கை கழுவும் சத்தம் நின்றது.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. சாய்ந்திருந்த கேபினைப் பார்த்தார்.

“ஏனுங்ணா,” என்றான் அத்தியப்பன். மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாக. “ஒரு போல்ட்டு மேல எனக்குச் சந்தேகமா இருக்குதுங். ஹெட்ட மறுக்கா எறக்கிப் பாத்துரட்டுங்களா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சரலாம்.”

கம்பெனிச் சரக்கு இன்னும் அவர் காலடியில், பைக்குள்தான் இருந்தது.

“அப்படீங்களா? எதுக்கும் பாத்துரலாமுங்ணா,” என்றான் தம்பி. “நானும் கூடவே நிக்கறேன்.”

கூடவே நிற்பான். குனிந்து பார்ப்பான். ஹெட்டைத் தூக்கியதும் அது என்ன என்று கேட்பான்.

“வேண்டாம்,” என்றார் அவர். “சரியாத்தான் இருக்குது.”

கேபினை இறக்கினார்கள். தம்பி மாலையைப் போட்டான். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். சாவியை அவர் கையில் கொடுத்தான்.

“உங்க கையால மொதல்ல ஸ்டார்ட் பண்ணுங்ணா.”

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. துளி கரும்புகை இல்லை. இவ்வளவு சீரான சத்தத்தை அந்த வண்டியில் அவர் கேட்டுப் பல காலமாகிவிட்டது.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்கே கொல்லிமலைக்கு சிமெண்ட் லோடு பேசிட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து வாங்ணா. வளைவுல எப்படித் திருப்பறதுன்னு சொல்லிக் குடுங்க, போதும்.”

அவர் இன்ஜினை அணைத்தார். கீழே இறங்கினார்.

“முதுகு வலிக்குதுடா. நீ போயிட்டு வா.”

தம்பியின் முகம் வாடியது. கொஞ்ச நேரம்தான்.

“அப்ப கோமதியக் கூட்டிட்டுப் போறனுங்ணா. கல்யாணமாகி வந்ததுலருந்து கீழ நின்னே மலையப் பாத்துட்டிருக்கறா.”

அத்தியப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவான் போல வாயைத் திறந்தான். அவர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“வெயில் வர்றதுக்குள்ள ஏறிருங்க,” என்றார்.