கேபினில் இருவர்

பொக்லைன் ஓட்டும் ஜெசிந்தா இருக்கையில் உட்கார்ந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது: ‘கேபினில் இருவர்.’ பின்னால் தேடினாள், யாருமில்லை.

கீழே நின்ற சூப்பர்வைசர் சுடலைமணி சிரித்தார். “யக்கா, அது உங்க வயித்தையும் சேத்து எண்ணுது. இறங்குங்க, ரெண்டு பேருக்கு வண்டி ஓடாது.”

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, ஒரு விளக்கு சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. வண்டி சொன்னால் தப்பாது என்று ஆஸ்பத்திரியில்கூடச் சோதிக்காமல் அனுப்பிவிட்டார்கள். கணவன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

பத்தாம் நாள், கேபினைத் துடைக்க ஏறியவள் சற்றே உட்கார்ந்தாள். பச்சை எரிந்தது: ‘கேபினில் ஒருவர்.’

“சரியாயிட்டுக்கா, வண்டிய எடுங்க!” என்றார் சுடலைமணி.

வலியில்லை, ஒன்றுமில்லை. விளக்கு அன்று தப்பாகச் சொன்னதா, இன்றா? இறங்கி மறுபடி ஏறி உட்கார்ந்தாள். பச்சைதான்.

“என்னக்கா?”

“இன்னொருக்கா பாத்துக்கிடுதேன்” என்று மீண்டும் இறங்கினாள்.