எந்தக் கப்பில் சர்க்கரை?

பேக்கரி மாஸ்டரின் முன்னால் இரண்டு கப் டீயை வைத்தாள் மனைவி.

"ஒண்ணுல சர்க்கரை, இன்னொண்ணுல இனிப்பு மாத்திரை. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"என்கிட்டயேவா?"

"டாக்டர் சொல்லியிருக்கார். குடிங்க."

இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்தார் மாஸ்டர்.

"இதுதான் சர்க்கரை. வாயில பட்டதும் இனிக்குது, விழுங்கினதும் அடங்கிடுது. அதுல இனிப்பு மெதுவா வருது. வந்தா போக மாட்டேங்குது. கடைசியில லேசா கசக்குது."

"நிச்சயமா?"

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

கண் கலங்க ஃபோனை எடுத்தாள் அவள்.

"டாக்டர், காய்ச்சல்ல போன ருசி இவருக்குத் திரும்பிடுச்சு. போன வாரம்கூட உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாம உட்கார்ந்திருந்தார். இனிமே வேலைக்குப் போகலாமா?"

டாக்டரின் பதிலுக்குக் காத்திராமல், பேக்கரிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார் மாஸ்டர்.