இடது விலாவில் ஓர் எழுத்து

பிறர் முன்னிலையில் ரோஸலி தன் இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதில்லை.

பேருந்தில் வலது கையால்தான் கம்பியைப் பிடிப்பாள். ஏரியில் குளிக்கும்போதும் நீச்சலுடைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டையை அணிந்துகொள்வாள்.

அவளுடைய இடது விலாவில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, அவளது ரத்தப் பிரிவு பச்சை குத்தப்பட்டிருந்தது.

1952-இல் அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள். ரஷ்யாவின் முதல் அணுகுண்டு இண்டியானாவின் எஃகு ஆலைகள் சூழ்ந்த அந்த ஊரில்தான் விழும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. விழுந்தபின் யாருடைய ரத்தம் யாருக்குப் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருக்க நேரமிராது. கையில் குத்தலாம், ஆனால், கை பிய்ந்து போய்விடக்கூடும். ஆகவே விலா.

இந்த விளக்கத்தைப் பிள்ளைகளிடமே சொன்னார்கள்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டவள் ரோஸலியின் தாய் பெர்னிஸ். விரும்பினால் பெற்றோரும் குத்திக்கொள்ளலாம் என்று அதே கடிதத்தில் இருந்தது. பெர்னிஸ் குத்திக்கொள்ளவில்லை.

ஏன் என்று ரோஸலி கேட்டதில்லை. தானே ஒரு விடையைக் கண்டுபிடித்துக்கொண்டாள்: அம்மாவுக்குப் பிழைத்திருக்க விருப்பமில்லை. சாம்பலாகிப்போன ஊரில் மகளை மட்டும் உயிரோடு விட்டுவிட்டுப் போக முடிவு செய்துவிட்டாள்.

அந்த விடை முப்பத்தோரு ஆண்டுகள் அவளோடு சேர்ந்து வளர்ந்தது.

1983, ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெர்னிஸின் வீட்டில் மதிய உணவு. ரோஸலியின் ஏழு வயது மகள் ட்ரேசி, கையில்லாத கவுன் அணிந்தவள், முட்டைக்கோஸ் சுருளை எடுக்கக் கையை நீட்டினாள். அவளது விலாவில் நீலப் பேனாவால் ஓர் 'ஓ', பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

"இதென்னடி கிறுக்கல்?" என்றாள் பெர்னிஸ்.

"அம்மாவுக்கு இருக்குல்ல பாட்டி, அதே மாதிரி. அந்தக் காலத்துல குண்டு வரும்னு பயந்து போட்டாங்களாமே!" குழந்தை சிரித்தது. "குளிச்சா போயிடும். திரும்ப வரைஞ்சுக்குவேன்."

அவள் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன் போய் உட்காரும்வரை ரோஸலி காத்திருந்தாள்.

"எனக்கு ஊசியால, அவளுக்குப் பேனாவால. ஒனக்கு மட்டும் ஏம்மா ஒண்ணுமே இல்ல? நீ நிம்மதியாப் போய்ச் சேர்ந்துடணும், நான் மட்டும் தனியாக் கெடந்து சாகணும். அதானே?"

பெர்னிஸ் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள்.

"எனக்கு ஊசின்னா பயம்டி."

"என்னது?"

"நானும் வரிசையிலதான் நின்னேன். நீ கத்தின பாரு ஒரு கத்து... அப்படியே வெளிய ஓடிட்டேன்."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவள்போல் ரோஸலி அமர்ந்திருந்தாள். பிறகு மகளை அழைத்துக்கொண்டு, விடைபெறாமலே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பெர்னிஸ், மாதாகோயிலுக்கு அணியும் தொப்பியோடு, துறைமுகத் தெருவில் இருந்த பச்சை குத்தும் கடைக்குள் நுழைந்தாள். கழுத்தில் பாம்பு வரைந்திருந்த கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"வயசானவங்க பிங்கோ ஆடுற எடம் எதிர்த்தாப்ல இருக்கு, மேடம்."

"அது வியாழக்கிழமைதான் தம்பி." ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள். "இந்த எழுத்து. எடது வெலாவுல. நான் எவ்வளவு கத்தினாலும் நிறுத்தாத."

அவள் கத்தினாள். அவன் நிறுத்தவில்லை.

ஞாயிறன்று, அவள் தானாகவே மகளின் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் மேற்சட்டையை உயர்த்திக் காட்டினாள். எழுத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது.

ரோஸலி குனிந்து பார்த்தாள். பிறகு களிம்பை எடுத்து, ஒற்றை விரலால், மிக மெதுவாகத் தடவத் தொடங்கினாள்.

பாலுக்காக வந்த ட்ரேசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பாட்டிக்கும் போட்டுட்டாங்களா?" அவள் முகம் வெளிறியது. "அப்ப குண்டு நெசமாவே வருதா?"