பசிக் குளிசை

"கண்ணு வச்சிட்டீங்கக்கா! கன்னு போடுற வரைக்கும் நல்லாத் தின்னுக்கிட்டிருந்த என் மாட்ட—"

"யாருடி கண்ணு வச்சது? ஒன் மாடு திங்காட்டி அதுக்கு நானா—"

"நீங்கதான்! வேற யாரு இருக்கா இந்த லயத்துல?"

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் அந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இரண்டு மாட்டுக் கொட்டில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நல்லம்மாவுடையது, மற்றது பாப்பம்மாவுடையது. நல்லம்மாவின் மாடு கன்று போட்டதிலிருந்து தீனியை மோந்து பார்ப்பதோடு சரி. மாட்டு டொக்டர் அம்ஹர் வந்து பார்த்து, பசி எடுக்கக் குளிசை, மூன்று நாளைக்கான மாத்திரைகள், கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பாப்பம்மாவின் மாடு சினை. இரண்டு வருஷமாக ஊசி போட்டும் தங்காமல், ஒருவழியாகத் தங்கிய சினை. பிறக்கப்போகும் கன்றுக்கு இப்போதே மணி வாங்கி வைத்திருந்தாள்.

"டொக்டர் வந்தா ஒன் கொட்டிலுக்குத்தான் ஓடுவாரு," என்றாள் பாப்பம்மா. "என் மாடும் பாதித் தீனிய மிச்சம் வைக்குதுன்னு அழுதேன். எட்டு மாசச் சினை, வயித்துல எடமில்ல, ஹோர்மோனும் மாறுது, தீனி கொறையத்தான் செய்யும், மருந்து வேணாம்னுட்டாரு. ஒன் மாட்டுக்கு மட்டும் கை நெறையக் குளிசை!"

"அதானே ஒங்க வயித்தெரிச்சல்? இப்ப பாருங்க. மருந்து தின்ன என் மாடு சும்மா நிக்குது. ஒங்க மாடு கட்டுக் கட்டாப் புல்லுத் திங்குது. என் மாட்டுப் பசியையும் சேத்து ஒங்க கண்ணு இழுத்துக்கிச்சு!"

"வார்த்தைய அளந்து பேசு! நீ கொழுந்தெடுக்கப் போனப்புறம் ஒன் குளிசைய வாழப்பழத்துல வச்சு ஊட்டிவிட்டது யாரு? இந்த நொண்டிக் கால இழுத்துக்கிட்டு நான்தானே?"

மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது. அம்ஹர் இறங்கி வந்து நல்லம்மாவின் மாட்டைத் தொட்டுப் பார்த்தார். வயிறு ஒட்டிக் கிடந்தது.

"குளிசைய ஒழுங்காக் குடுத்தீங்களா?"

"பாப்பம்மாக்கா கையாலதான் டொக்டர். மூணு நாளும்."

"அப்பிடின்னா இப்பிடி நிக்க ஏலாதே! அதுவும் ஹோர்மோன் மருந்துதான். தின்ன மாடு கூரைத் தகரத்தையும் கடிச்சுப் பாக்கும்."

"அப்ப அக்கா மாட்டுக்கும் ரெண்டு குடுத்துட்டுப் போங்க," நல்லம்மா உதட்டைச் சுழித்தாள். "அவங்க மனசாவது ஆறட்டும்."

அம்ஹர் சிரிக்கவில்லை.

"வெளையாட்டுக்கும் அப்பிடிச் சொல்லாதீங்க. எட்டு மாசச் சினைக்கு அதைக் குடுத்தா கன்னு விழுந்திரும். அவங்க அவ்வளவு கெஞ்சியும் நான் குடுக்காதது அதுக்குத்தான்."

பக்கத்துக் கொட்டிலில் பாப்பம்மாவின் மாடு தலை தூக்காமல் புல்லை மென்றுகொண்டிருந்தது. பாப்பம்மா நொண்டிக்கொண்டே போய் அதன் வாயிலிருந்த புல்லைப் பிடித்து இழுத்தாள்.

"டொக்டர்... மூணு நாளாத் தின்னதத் திருப்பி எடுக்க ஏதும் மருந்து இருக்கா?"